வாழைப்பழ வாசம்

தண்ணீர் உச்சியில் விழுந்து காதுக்குப் பின்னால் இறங்கி முதுகுக்குள் ஓடுகிறது, ஜாக்கெட் நனைகிறது, நனையட்டும். தங்கராசு இரண்டு கையாலும் என் முடியைத் தேய்த்துத் தேய்த்து ஊறவைக்கிறான். யக்கா, கண்ணை மூடிக்கங்க என்கிறான். மூட மாட்டேன். எதிரே ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மாதா கோயில் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கடல், கடலுக்குள் துறைமுகத்துப் பாலம் நீண்டு கிடக்கிறது, பாலத்து நுனியில் அந்தக் கப்பல் நிற்கிறது. வெள்ளைக் கப்பல், இடுப்பில் பச்சைக் கோடு. முந்தாநாள் வந்தது. இன்று மத்தியானம் அதன் வயிற்றில் அமோனியா ஏற்றப்போகிறார்கள். சரக்காக இல்லை, எண்ணெய்க்குப் பதிலாக அதையே எரித்து ஓடுகிற கப்பலாம், எங்கள் துறைக்கு இதுதான் முதல் தடவை. குழாயைக் கொண்டுபோய்க் கப்பலின் வாயில் பூட்டுகிற ஆட்களில் என் மகன் கிளீட்டஸ் ஒருவன். அவன் முகத்தில் கழுத்தை மூடுகிற தாடி. அந்தத் தாடி என்னுடையது. நான் நேர்ந்தது. கையில் இரண்டு சீட்டு வைத்திருக்கிறேன், முடியிறக்கும் கொட்டகைக்குக் கோயில் ஆபீசில் கொடுக்கிற சீட்டு, ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு, தண்ணீர் பட்டு அது நைந்துவிடக் கூடாது என்று இடது உள்ளங்கையில் மடக்கிப் பிடித்திருக்கிறேன். உட்காருவதற்கு முன்னால் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஏல கிளீட்டஸ், கொட்டகையில இருக்கேன், ரெண்டு சீட்டு வாங்கியிருக்கேன், உனக்கு மத்தியானம்தானே வேலை, அதுக்குள்ள வந்து தாடியை எடுத்துட்டுப் போ, வரலைன்னா நான் மொட்டைத் தலையோட துறைமுகக் கேட்டுக்கு வந்து உங்களுக்குப் பயிற்சி குடுத்த மேடத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேன். உனக்குப் பைத்தியமாம்மா பிடிச்சிருக்கு என்றான், வைத்துவிட்டான். பிடித்திருக்கட்டும். வாழ்நாள் முழுக்கச் சத்தம் போடாத ஒருத்திக்கு ஒரு காலையில் பைத்தியம் பிடித்தால் என்ன கெட்டுப்போகும்.

தங்கராசு பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டுகிறான், அந்த நொறுங்கல் சத்தம் பல்லில் கூசுகிறது. யக்கா, இன்னொரு தரம் கேக்கேன், உங்க மருமகளுக்குத்தானே பேறுகாலம், நீங்க எதுக்கு மொட்டை போடுறீங்க என்கிறான். அவளுக்காகத்தான்டா என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பாதியில எந்திரிச்சுப் போயிராதீங்க, பாதி மொட்டையை மாதா ஏத்துக்கிடுவாளான்னு சாமியார்கிட்டதான் கேக்கணும் என்று அவனே சொல்லி அவனே சிரித்துக்கொண்டு நெற்றி விளிம்பில் கத்தியை வைத்தான், சில்லென்று ஒரு கோடு பின்பக்கமாகப் போனது, முதல் கற்றை மடியில் விழுந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கல்யாணத்தன்று இதில் பிச்சிப்பூ வைத்துத் தைத்தார்கள், ஊசி குத்திக் குத்தி அழுதேன். தொம்மை, என் வீட்டுக்காரர், இந்த முடியைத்தான் கயிறு என்பார், கப்பல் கட்டலாம்டி இதால என்பார். கட்டியிருந்தால் தேவலை. மாதாவே, கரைகாத்த மாதாவே, நான் உன்னிடம் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா. ஜெனிட்டாவுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது போனபோது அவள் அழவில்லை, அடுப்படியில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள், கல்லே இல்லாத உளுந்து. அது பொறுக்காமல்தான் நான் ஓடி வந்து உன் காலடியில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அடுத்தது தங்கினால், அது பிறந்து உன் முன்னால் கிடத்துகிற நாள் வரைக்கும் கிளீட்டஸ் முகத்தில் கத்தி படாது என்று. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருசன் முகம் வழிக்காமல் இருப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான், சில வீட்டில் செய்வார்கள், சில வீட்டில் மறந்துவிடுவார்கள். நான் அதை வாக்காக்கினேன். மெழுகு விரலில் ஒழுகியது, சுட்டது, கையை எடுக்கவில்லை, எடுத்தால் கேட்கமாட்டாய் என்று நினைத்தேன். கேட்டாய். ஜெனிட்டாவுக்கு இப்போது எட்டாம் மாசம். பிள்ளை உதைக்கிறது, அத்தை இங்க கை வைங்க, இங்க என்று என் கையை இழுத்து வைத்துக்கொள்கிறாள். ஆக நீ உன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறாய். இல்லை என்று சொல்லவில்லை.

தலையைக் கொஞ்சம் குனிங்க யக்கா. குனிகிறேன். சோப்பு வாசம், உப்புக்காற்று, கொட்டகையில் யாரோ பிள்ளைக்கு வாங்கிவைத்த வாழைப்பழ வாசம். போன வாரத்தில் இருந்து எங்கே போனாலும் இந்த வாழைப்பழ வாசம் என்னை விடாமல் பிடித்துக்கொள்கிறது. துறைமுகத்தில் அன்று அவர்களுக்குப் பயிற்சி. வாசுகி என்று ஒரு மேடம் வந்து சொல்லிக்கொடுத்தார்களாம், சின்ன வயசுதானாம், ஆனால் குரல் மணி மாதிரி என்று கிளீட்டஸ் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே நடித்துக் காட்டினான். எல்லாரும் கேட்டுக்கோங்க, மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவுல ஒரே ஒரு முடி இருந்தாலும் காத்து அது வழியா உள்ள வரும், அமோனியா உங்க முகத்தைப் பார்த்து அழகா இருக்குதேன்னு வெளிய நிக்காது. அப்படியே அந்த அம்மா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான், ஜெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். மாஸ்க் சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள வேண்டும், தலைக்கு மேலே கூடாரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்ப்பார்கள், அதற்குள்ளே வாழைப்பழ வாசம் அடிக்கிற ஒரு எண்ணெயை நனைத்து வைப்பார்கள். உள்ளே நிற்கிறவன் தலையை ஆட்ட வேண்டும், குனிய வேண்டும், எதையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாழைப்பழ வாசம் வந்தால் மாஸ்க் ஒட்டவில்லை, வராவிட்டால் ஒட்டிவிட்டது. அவ்வளவுதான் சோதனை, அதில் பொய் சொல்ல மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு விரல்கடை தூரம்தான். உனக்கு வந்துச்சால என்று கேட்டேன். வரல என்றான். தாடியோடயா என்றேன். வாசலின் தடவினேன்மா, தாடி மேல தடவி மாஸ்க்கை அமுக்குனா பச்சக்குன்னு ஒட்டிக்கிடும், எங்க சூப்பர்வைசர்தான் சொல்லிக்கொடுத்தாரு, பட்டையை இறுக்கிக் கட்டுங்கடான்னாரு. அந்த மேடம் பார்க்கவில்லையா. அவங்க அந்தப் பக்கம் போனப்ப தடவுனேன், வேலை அன்னைக்கு வழிச்சிட்டு வந்துருவான்னு சூப்பர்வைசரும் அவங்ககிட்ட சொல்லிட்டாரு. சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தான். நான் எப்போதும் போல ஒரு பழத்தை உரித்து அவன் இலையோரம் வைத்தேன். வேண்டாம்மா என்றான். ஏன்ல. வேண்டாம், அந்த வாசமே பிடிக்கல.

அந்த வாசமே பிடிக்கல. எட்டாம் கிளாஸோடு என்னை நிறுத்திவிட்டார்கள், அமோனியாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மாஸ்க்கைப் பற்றித் தெரியாது. இவனைத் தெரியும். சின்னதில் பிரிசில்லாவின், அவன் அக்காவின், கிறிஸ்மஸ் பாவாடையில் மை கொட்டிவிட்டு நான் இல்லை என்றான், அப்புறம் அவள் அந்தப் பாவாடையைக் கட்டுகிற நாளெல்லாம் கண்ணை எடுத்து வேறு பக்கம் வைத்துக்கொண்டு நடந்தான், சுவரில் மோதினான். பொய் சொன்ன சாமானை அவனால் பக்கத்தில் வைத்திருக்க முடியாது. பிறந்ததில் இருந்து பழம் இல்லாமல் சோறு இறங்காத பயல், போன வாரத்தில் இருந்து வாழைப்பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான். அவனுக்கு வாசம் வந்திருக்கிறது. உள்ளே நின்று குனிந்து நிமிர்ந்து தலையாட்டி எதையோ ஒப்பித்துக்கொண்டே அவன் அந்த வாசத்தை முகர்ந்திருக்கிறான், வரல மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறான். ஏன் சொன்னான். வேலைக்காக என்று நினைத்தால் எனக்கு ஆறும். வேலைக்காக மட்டும் இல்லை. எனக்காக. என் வாக்குக்காக. ஜெனிட்டா வயிற்றில் இருப்பதற்காக. தாடியை எடுத்த மறுநாள் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் யார் முகத்தில் யார் முழிப்பது. அதை நினைத்துத்தான் சொல்லியிருப்பான். நேற்று சாயங்காலம் அவனைப் பின்வாசலில் நிறுத்திச் சொன்னேன், தாடியை எடுத்துரு, நேர்ந்தது நான், மாத்துறதும் நான். எம்மா, நீ சும்மா இரு என்றான். கண்ணாடிப் பலகையில் பார்த்தேன், அவன் முகம் வழிக்கிற ரேசரைக் காணோம். ஜெனிட்டா என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அவள் ஒளித்துவைக்கிறாள் என்றால் எந்தப் பயத்தில் ஒளித்துவைக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா, கல்லே இல்லாத உளுந்தில் கல் பொறுக்கினவள்.

இந்த அமோனியா எனக்குப் புதுசு இல்லை, அதன் பெயர்தான் அப்போது தெரியாது. எங்கள் தெருக்கோடியில் ஐஸ் கம்பெனி இருந்தது, மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி, ஒரு மத்தியானம் அங்கே குழாய் பிய்ந்துகொண்டது. ஆயிரம் வெங்காயத்தை ஒன்றாக நறுக்கின மாதிரி, இல்லை, வெங்காயம் அழவைக்கும், இது கண்ணைப் பிடுங்கும். ஓடினோம். மூச்சை இழுத்தால் தொண்டையில் ஊசி. யாரோ துணியை நனைச்சு மூக்கில வையுங்க என்று கத்தினார்கள், வைத்தோம், எட்ட நின்றதால் தப்பித்தோம். ஆனால் உள்ளே இருந்த மிசின்காரர் அதற்கப்புறம் ஒரு வருசம் பேசவில்லை, பேசினபோது வேறு ஆள் குரலில் பேசினார். அதுக்கு ஈரம் பிடிக்கும்மா என்றான் கிளீட்டஸ், மேடம் சொன்னதாம், ஈரத்தைத் தேடி வரும், கண்ணு, மூக்கு, தொண்டை, அக்குள் வேர்வை, எங்கே ஈரமோ அங்கே போய் உட்காரும். என் தலையில் இருந்து தண்ணீர் புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போகிறது. இப்படித்தான் வரும். இவ்வளவு சாதாரணமாக. நான் அந்தக் கப்பலைச் சபிக்கவில்லை. அது புகை கக்காது என்கிறார்கள். நல்லது. எத்தனை வருசம் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கப்பல் கரி படிந்து நான் கல்லில் அடித்து அடித்துத் துவைத்திருக்கிறேன், கரி இல்லாத கப்பல் வரட்டும், என் பேரப்பிள்ளைக்கு நல்ல காற்று வரட்டும். ஆனால் காற்று எல்லாருக்கும் நல்லதாக வேண்டும் என்றால் முதல் மூச்சை என் பிள்ளை கொடுக்க வேண்டுமா. தாடி வைத்தவர்களுக்குத் தலையோடு மூடுகிற வேறு மாதிரி மாஸ்க் இருக்கிறதாம், பம்பு வைத்து நல்ல காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்குமாம், முடி இருந்தாலும் பரவாயில்லையாம். அந்த மேடமே சொன்னார்களாம். பிறகு ஏன்ல அதைக் குடுக்கல என்றேன். காண்ட்ராக்ட்காரங்க இன்னும் வாங்கல, அடுத்த கப்பலுக்கு வந்துரும்னு சொல்லுதாங்க. அடுத்த கப்பலுக்கு வரும். இந்தக் கப்பலுக்கு என் மகன் வாசலின் தடவிக்கொண்டு போக வேண்டும்.

தொம்மைக்கும் இப்படித்தான் ஏதோ அடுத்ததற்கு வருவதாக இருந்தது. அவர் கப்பலில் மரத்தடி இறக்குகிற கூட்டத்தில் இருந்தார். மரத்தடி அடைத்த அறைக்குள் காற்று கெட்டுப்போகும், பச்சை மரம் உள்ளே கிடந்து மூச்சை எல்லாம் இழுத்துக்கொள்ளும், வாசமே இருக்காது, இறங்கினவன் ஏணியிலேயே மயங்கி விழுவான். அன்று முதலில் இறங்கின ஆள் விழுந்தான். தொம்மை ஒரு துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு அவனைத் தூக்க இறங்கினார். காற்றே இல்லாத இடத்தில் துண்டு எதை வடிகட்டும். இரண்டு பேரையும் கொக்கி போட்டுத்தான் தூக்கினார்கள். கரைக்கு வந்து மாரடைப்பு என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மாரடைப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செபமாலையை உருட்டினேன், பிரிசில்லா என் மடியிலும் கிளீட்டஸ் தோளிலும். அவர் நேரம் முடிஞ்சிட்டு, கடவுள் கூப்பிட்டுக்கிட்டார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், ஆமாம் என்று தலையாட்டினேன். கடவுள் கூப்பிட்டாராம். காற்று இருக்கிறதா என்று ஒரு கருவியை உள்ளே இறக்கிப் பார்க்காதவன் கூப்பிடவில்லையாம். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டின தலை இது. போகட்டும். தங்கராசு, நல்லா ஒட்ட எடு. எடுக்கேன் யக்கா, ஆட்டாம இருங்க, வெட்டிரும். ஆட்டவில்லை. இனி ஆட்டமாட்டேன்.

சீட்டு வாங்கும்போது சூசை மைனி பார்த்துவிட்டாள், தொம்மையின் அக்கா, மீன் வாங்கிக்கொண்டு வந்தவள் கோயில் ஆபீசில் என் கையில் சீட்டைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். ஏட்டி எஸ்கலின், யாருக்குடி மொட்டை. எனக்கும் கிளீட்டஸ் தாடிக்கும் மைனி. அவள் சீட்டைப் பிடுங்க வந்தாள். பிள்ளை இன்னும் பிறக்கல, மாதாவுக்குக் குடுத்த வாக்கைப் பாதியில உருவுதியா, அந்த வயித்துப்பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையிலதான்டி விழும். விழட்டும் மைனி, அதுக்குத்தான் தலையைச் சுத்தம் பண்ணப் போறேன் என்றேன். எனக்கே என் வாய் புதுசாக இருந்தது. உனக்கு மாதா மேல நம்பிக்கை போயிட்டு என்றாள். அது எனக்குள் போய்த் தைத்தது. இன்னும் தைக்கிறது. போய்விட்டதா. கேள் தாயே, நீயே சொல். காலையில் எழுந்ததும் உன்னைத்தான் கூப்பிடுகிறேன், உலை கொதிக்கும்போது கூப்பிடுகிறேன், பஸ் பிரேக் பிடித்தால் கூப்பிடுகிறேன். நம்பிக்கை இல்லாதவள் யாரிடமாவது சண்டைக்குப் போவாளா. நம்புகிறதால்தான் வந்து முகத்துக்கு நேரே கேட்கிறேன். என் பேரப்பிள்ளையின் உயிரை நீ ஒரு தாடியில் கட்டியா தொங்கவிட்டிருக்கிறாய். அப்படிப்பட்டவளா நீ. இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் ஜெனிட்டாவுக்குப் பயம், எனக்கும் பயம், இப்போது இந்த நிமிசம் அவள் வீட்டில் கால் வழுக்கினால், வயிறு இழுத்துப் பிடித்தால், இந்தக் கத்திதான் காரணம் என்று சாகிற வரைக்கும் நினைப்பேன். நினைத்துக்கொண்டே இருப்பேன், ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். வாக்கு முடிக்குத்தானே. இந்தா முடி. அவனுடையதைவிட நீளம், அவனுடையதைவிட வயசு, வேண்டியதை எடுத்துக்கொள். போதாது என்றால் என்னிடம் கேள், அவன் மூச்சில் கை வைக்காதே. பெரிய வெள்ளிக்கிழமைதோறும் உன்னைக் கறுப்பு உடுத்தித் தெருவில் தூக்கி வருகிறார்கள், நெஞ்சில் வாள் குத்தி, நான் பின்னால் அழுதுகொண்டு வருகிறேன். உன் மகனை மரத்தில் அறைந்தபோது நீ கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னால் அப்போது வேறு ஒன்றும் செய்ய முடிந்திருக்காது, சுற்றிலும் ஈட்டிக்காரர்கள். என்னைச் சுற்றி யார் நிற்கிறார்கள், ஒரு மைனியும் ஒரு மீன் கூடையும். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். இதைச் சொன்னதற்காகக் கோபிக்க மாட்டாய். நீயும் ஒரு பிள்ளை பெற்றவள்.

முடிஞ்சு யக்கா என்கிறான் தங்கராசு, சந்தனத்தைக் குழைத்து மண்டையில் அப்புகிறான், குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. கை வைத்துப் பார்க்கிறேன், யாருடைய தலையோ. பிறந்த பிள்ளையின் தலை இப்படித்தான் இருக்கும், கிளீட்டஸ் பிறந்தபோது இப்படித்தான் உள்ளங்கையில் அடங்கினான். தரையில் கிடக்கிற முடியைத் துடைப்பத்தால் தள்ளுகிறான், அது சுருண்டு சுருண்டு போகிறது. வெளியே ஒரு பைக் சத்தம், தாண்டிப் போய்விட்டது. இன்னொன்று, அது பால்காரன். கப்பல் அங்கேயே நிற்கிறது, பாலத்தில் மஞ்சள் சட்டைகள் சின்னச் சின்னதாக நடக்கின்றன. வரமாட்டானோ. வராவிட்டால் என்ன, சொன்னபடி கேட்டுக்குப் போகிறேன். வாசுகி மேடம் யாரு என்று கேட்பேன், காவல்காரன் என்ன வேணும் பாட்டி என்பான், என் மகன் வாழைப்பழ வாசம் வரலைன்னு பொய் சொல்லிட்டான், அவனை மறுபடி சோதிச்சுப் பாருங்க என்பேன். வேலை போகும். போகட்டும், என் மேல் கோபத்தோடு உயிரோடு இருக்கட்டும், ஆயுசு முழுக்க என்னோடு பேசாமல் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கட்டும். அப்படியே அந்த சாகுலையும் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் இவர்களோடு குழாய் பூட்டுகிறவன், ஐந்து வேளை தொழுகிற பையன், அவனும் தாடியோடுதான் வாசலின் தடவிக்கொண்டு போகிறான். என் மகன் தாடிக்கு ஒரு தேதி உண்டு, சாகுல் தாடிக்கு அது கிடையாது, அவன் அம்மாவால் மொட்டை போட்டு அதை மாற்ற முடியாது. அவனுக்கு அந்தத் தலையோடு மூடுகிற மாஸ்க்தான் வேண்டும், அடுத்த கப்பலுக்கு இல்லை, இதற்கே வேண்டும்.

கொட்டகை வாசலில் நிழல் விழுகிறது. யம்மா. கிளீட்டஸ் கழுத்தை மூடின தாடியோடு நின்று என் தலையைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்க்கிறான், பிறகு தங்கராசுவின் மேல் பாய்கிறான். ஏன்ல, யாரையும் கேக்காம ஒரு பொம்பளைக்கு மொட்டை அடிப்பியா. தங்கராசு துடைப்பத்தை விடாமல், சீட்டு குடுத்தாங்க, அடிச்சேன், உன் பேர்லயும் ஒண்ணு இருக்கு, சண்டை போடணும்னா உக்காந்துக்கிட்டுப் போடு என்கிறான். கிளீட்டஸ் என் எதிரே குத்தவைத்து உட்காருகிறான். கையைத் தூக்குகிறான், என் தலையைத் தொட வந்து தொடாமல் நிறுத்துகிறான். பிறகு சட்டைப்பையில் இருந்து எதையோ எடுக்கிறான், ரேசர், அவனுடைய ரேசர், பிடியில் அரிசிமாவு வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஜெனி குடுத்துவிட்டா, அரிசி டப்பாக்குள்ள போட்டு வச்சிருந்திருக்கா. என்னல சொன்னா. ஒண்ணும் சொல்லல, அத்தைக்குத் தலை குளிரும்னு இதையும் எடுத்துட்டுப் போகச் சொன்னா. தோளில் கிடந்த துண்டை என் மடியில் வைக்கிறான். வெயிலில் காய்ந்த துண்டு, சூடு இன்னும் இருக்கிறது. அதைக் கையில் பிடித்ததும்தான் எனக்கு அழுகை வருகிறது, வரட்டும் என்று விடுகிறேன், சந்தனத்தோடு சேர்ந்து ஒழுகுகிறது. உள்ளங்கையைத் திறந்து மிச்சச் சீட்டைத் தங்கராசுவிடம் கொடுக்கிறேன். அவன் கத்தியை எடுக்கப் போகிறான், கிளீட்டஸ் தலையசைத்து ரேசரை நீட்டுகிறான், இதாலயே எடு.

தண்ணீரை நானே அவன் கன்னத்தில் தெளிக்கிறேன். கற்றை கற்றையாகக் கத்தரித்துப்போட்டு, சோப்பு தடவி, தங்கராசு காதுப்பக்கத்தில் இருந்து இறக்குகிறான், தாடிக்கு அடியில் இருந்து வெயில் படாத தோல் வெளுப்பாக வருகிறது, என் பிள்ளையின் மோவாய், தொம்மையின் மோவாய். பாதி கன்னம் முடிந்தபோது கண்ணை மூடியபடியே சொல்கிறான், வந்துச்சும்மா. அன்னைக்கு நல்லாவே வந்துச்சு, பழத்தை மூக்குக்குள்ள வச்ச மாதிரி, இல்லைன்னு தலையாட்டிட்டேன். தெரியும்ல என்றேன். எப்படித் தெரியும். தெரியும். அவன் சிரிக்கப் பார்த்தான், ஆடாதல வெட்டிரும் என்றான் தங்கராசு. ரேசர் மோவாயைத் தாண்டியதும் கிளீட்டஸ் சொன்னான். மேடத்துக்கிட்டப் போயி, மறுபடியும் வச்சுப் பாருங்கன்னு சொல்லுதேன்மா, இன்னும் நேரம் இருக்கு, ஒட்டினா ஏறுவேன், ஒட்டலைன்னா கரையில நிப்பேன், சரியா. அதான் எடுத்தாச்சுல்லா, நீ இனி கேட்டுக்கு வரண்டாம், வீட்டுக்குப் போ, ஜெனி தனியா இருக்கா. வருவேன் என்றேன். எதுக்கும்மா. சாகுல் எடுப்பானாடா. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வீட்டுக்குப் போய் ஜெனியைப் பார்த்துட்டு, அவளுக்குச் சோறு போட்டுட்டு வருவேன், அந்த மூடுற மாஸ்க்கு எங்க இருக்குன்னு கேப்பேன், குடுக்கிற வரைக்கும் கேட்டுல உக்காந்து செபமாலை சொல்லுவேன், என்னை அங்கிருந்து எந்திரிக்கச் சொல்லுகிறவன் வந்து சொல்லட்டும். எம்மா, எல்லாரும் உன் தலையைத்தான் பாப்பாங்க என்றான். பாக்கட்டும். எழுந்தேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவில் இறங்கும் முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டேன். பிடித்து நிற்க முடி இல்லை, வழுக்கித் தோளில் விழுந்தது. இன்னொரு தரம் போட்டேன், இன்னொரு தரம் விழுந்தது. கடல்காற்று நேராக மண்டையில் வந்து பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.